நிக்கலஸ் பிடில் வில்லனா, பலிகடாவா?

கேள்வி இது: "ஆண்ட்ரூ ஜாக்சன் ஒரு பெரிய வங்கியை ஒழித்துக்கட்டினார் என்று அமெரிக்க வரலாற்றில் வருகிறது. அந்த வங்கியின் தலைவர் நிக்கலஸ் பிடில் யார்? நிஜமாகவே ஊழல் செய்தவரா, இல்லை அரசியலில் மாட்டிக்கொண்ட பலிகடாவா? இன்றைய அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் அவருடைய வங்கியின் வாரிசுதானா?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1823 முதல் 1832 வரை நாம் பார்க்கும் பிடில், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த வங்கி நிர்வாகிகளில் ஒருவர். 1833க்குப் பிறகு பார்க்கும் பிடில், எதிரி தன்மேல் சுமத்திய குற்றச்சாட்டைத் தன் கையாலேயே நிரூபித்துக் கொடுத்தவர். பாடப்புத்தகங்கள் ஏதாவது ஒரு பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. அதனால் பிறப்பிலிருந்தே தொடங்குகிறேன், கொஞ்சம் நீளும்.

பிடில் 1786 ஜனவரி 8 அன்று பிலடெல்பியாவில் பிறந்தார். வசதியான குடும்பம், செல்வாக்கும் உண்டு. அப்பா சார்லஸ் பிடில், பெஞ்சமின் பிராங்க்ளின் தலைவராக இருந்த பென்சில்வேனியா உயர் நிர்வாகக் குழுவில் துணைத்தலைவர். இவருக்குப் பெயர் வந்தது சித்தப்பாவிடமிருந்து. அந்த நிக்கலஸ் பிடில் சுதந்திரப் போரில் கடற்படைக் கேப்டன். 1778ல் ராண்டால்ஃப் என்ற போர்க்கப்பல் சண்டையில் வெடித்துச் சிதறியபோது அதோடு மாண்டவர்.

பையன் படிப்பில் புலி. பத்து வயதில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பதின்மூன்று வயதில் பாடங்களை எல்லாம் முடித்துவிட்டான். இவ்வளவு சின்னப் பையனுக்கு எப்படிப் பட்டம் கொடுப்பது என்று பல்கலைக்கழகம் கையை விரித்துவிட்டது. சரி என்று பிரின்ஸ்டனுக்குப் போய், 1801ல் பதினைந்து வயதில் வகுப்பிலேயே முதல்வனாகப் பட்டம் வாங்கினான். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலிருந்தே அறையில் இருப்பவர்களில் தானே புத்திசாலி என்று பழகிப்போனவருக்கு, மற்றவர்கள் தன்னை ஏன் நம்ப மறுக்கிறார்கள் என்பது கடைசிவரை புரியாது.

1804ல், பதினெட்டு வயதில், பிரான்சுக்கான அமெரிக்கத் தூதர் ஜான் ஆர்ம்ஸ்ட்ராங்கின் செயலாளராகப் பாரீஸ் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை சாதாரணமானதல்ல. அமெரிக்கா அதற்கு முந்தைய ஆண்டுதான் லூசியானாவை பிரான்சிடமிருந்து வாங்கியிருந்தது. அந்த ஒப்பந்தப்படி, பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றிய கப்பல்களுக்கும் சரக்குகளுக்கும் அமெரிக்க வணிகர்கள் கேட்டிருந்த நஷ்ட ஈட்டின் ஒரு பகுதியை அமெரிக்க அரசே கொடுத்துத் தீர்க்க வேண்டும். எந்தக் கோரிக்கை நிஜம், எது இட்டுக்கட்டியது, யாருக்கு எவ்வளவு என்று காகிதம் காகிதமாகப் பிரிக்கும் வேலை இந்தப் பையன் கைக்கு வந்தது. நெப்போலியன் முடிசூடியதைப் பார்த்ததும் அந்த ஆண்டுக் கடைசியில்தான். அரசாங்கக் கடன், அன்னியச் செலாவணி, வணிகர்களின் பேராசை எல்லாவற்றையும் ஒரே மேஜையில் கற்றுக்கொண்டார்.

1806ல் கிரேக்கத்துக்குப் போனார். அப்போது அது துருக்கியர் ஆட்சியில் இருந்தது; அமெரிக்கர்கள் அங்கே கால் வைத்ததே அபூர்வம். ஏதென்ஸின் பழைய கோயிலான பார்த்தெனானை நேரில் பார்த்த அந்தக் கிறுக்கு அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. அப்புறம் லண்டனில் தூதராக இருந்த ஜேம்ஸ் மன்றோவிடம் செயலாளர் வேலை. இந்த மன்றோ பிற்பாடு ஜனாதிபதி ஆவார் என்பதை நினைவில் வையுங்கள்; பிடிலின் வாழ்க்கையில் கதவு திறந்துவிட்டவர் அவர்தான்.

1807ல் ஊர் திரும்பி வக்கீல் ஆனார். மனமோ எழுத்தில்தான் இருந்தது. போர்ட் ஃபோலியோ என்ற இலக்கியப் பத்திரிகையில் எழுதினார், பின்னர் சில காலம் அதன் ஆசிரியராகவும் இருந்தார். இந்தச் சமயத்தில் அவர் செய்த ஒரு காரியம் வங்கியைவிட நீண்ட நாள் நின்றது. லூயிஸ், கிளார்க் என்ற இரண்டு ஆய்வுப் பயணிகள் மிஸிஸிப்பிக்கு மேற்கே பசிபிக் கடல் வரை போய்வந்த பயணக் குறிப்புகள் புத்தகமாகாமல் கிடந்தன. லூயிஸ் 1809ல் இறந்துவிட்டார். கிளார்க்குக்குக் காடு மலை தெரியுமே தவிர, எழுத்தில் நம்பிக்கை இல்லை. 1810 வசந்தத்தில் பிடில் வர்ஜீனியாவில் கிளார்க் தங்கியிருந்த இடத்துக்கே போய், குறிப்பேடுகளை வைத்துக்கொண்டு அவரிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பயணத்தில் கூடப் போன ஜார்ஜ் ஷானன் என்ற இளைஞரும் பிலடெல்பியா வந்து உதவினார்.

அந்தக் குறிப்பேடுகளில் மாண்டன் பழங்குடியினரின் எருமை அழைப்புச் சடங்கு பற்றி ஒரு பகுதி வருகிறது, கொஞ்சம் பச்சையான விஷயம். பிடிலுக்கு அதை விடவும் மனமில்லை, ஆங்கிலத்தில் எழுதவும் கூச்சம். அந்தப் பகுதியை மட்டும் லத்தீனில் எழுதிவிட்டார்! படித்தவன் மட்டும் படித்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. ஆளின் குணத்தைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கடைசியில் சட்டமன்ற வேலை வந்து சேர்ந்ததால் மிச்சத்தைப் பால் ஆலன் என்பவரிடம் ஒப்படைத்தார். 1814ல் புத்தகம் வந்தபோது அட்டையில் ஆலன் பெயர் இருந்தது, பிடில் பெயர் இல்லை. அதை அவர் கேட்கவும் இல்லை.

இப்போது சட்டமன்றம். 1810ல், இருபத்து நான்கு வயதில், பென்சில்வேனியா சட்டமன்றத்தின் கீழ்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநிலத் தலைநகரம் அப்போது லான்காஸ்டர். ஹாரிஸ்பர்க்குக்கு மாறியது 1812ல். பொதுக் கல்வியை ஊக்குவிக்க அவர் அப்போதே முயற்சி எடுத்தார், அது பலிக்கக் கால் நூற்றாண்டு பிடித்தது. ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேறு. நாட்டின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் யோசனையில் 1791ல் தொடங்கிய முதல் அமெரிக்க வங்கியின் இருபதாண்டு சாசனம், அதாவது நடத்துவதற்கான அரசு அனுமதி, 1811ல் முடியவிருந்தது. அதைப் புதுப்பிக்கக் கூடாது என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தும் தீர்மானம் மாநிலச் சபையில் வந்தது. பிடில் எழுந்து வங்கிக்காக நீண்ட உரை நிகழ்த்தினார். அரசாங்கம் வரி வசூலிப்பதும், ஊருக்கு ஊர் பணம் அனுப்புவதும், நெருக்கடியில் கடன் வாங்குவதும் இந்த வங்கி இல்லாமல் எப்படித் தடுமாறும் என்று விளக்கினார். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அந்தப் பேச்சைப் பாராட்டினார் என்பார்கள்.

பேச்சு எடுபட்டது, காரியம் நடக்கவில்லை. வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை 65க்கு 64 என்ற கணக்கில் மசோதாவைக் கிடப்பில் போட்டது. செனட்டில் 17க்கு 17 என்று சமமாகி, துணை ஜனாதிபதி ஜார்ஜ் கிளிண்டன் எதிர்த்து வாக்களித்ததால் தோற்றது. அடுத்த ஆண்டே பிரிட்டனோடு போர். அரசுக்குக் கடன் கொடுக்க ஆள் இல்லை. 1814 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்துக்கு வெளியே இருந்த வங்கிகள் நோட்டுக்குத் தங்கமோ வெள்ளியோ தர முடியாது என்று கதவைச் சாத்தின. வங்கி கூடாது என்று எழுதியும் பேசியும் வந்த ஜேம்ஸ் மேடிசனே ஜனாதிபதியாக 1816ல் இரண்டாவது வங்கிக்குக் கையெழுத்துப் போட்டார். பிடில் இதற்கிடையே 1814 முதல் மாநில செனட்டில் இருந்தார்.

இரண்டாவது வங்கியின் தொடக்கம் கேவலமானது. மூலதனம் 3.5 கோடி டாலர், அதில் ஐந்தில் ஒரு பங்கு அரசுடையது, இருபதாண்டு சாசனம், தலைமையகம் பிலடெல்பியா. முதல் தலைவர் வில்லியம் ஜோன்ஸ் கடனை அள்ளி வீசினார். பால்டிமோர் கிளையில் இருந்தவர்கள் வங்கிப் பணத்தை எடுத்து வங்கிப் பங்கையே வாங்கிச் சூதாடி, பத்து லட்சம் டாலருக்கு மேல் சுருட்டிவிட்டார்கள். அதில் முக்கியப் புள்ளி அந்தக் கிளையின் கேஷியர் ஜேம்ஸ் மெக்கல்லக். சட்டம் படித்தவர்களுக்குப் பெயர் பரிச்சயமாக இருக்கும்: மாநிலம் மத்திய அரசின் வங்கிமேல் வரி போட முடியாது என்று 1819ல் வந்த புகழ்பெற்ற தீர்ப்பில் மேரிலாந்துக்கு எதிர்த்தரப்பாக இருக்கும் அதே மெக்கல்லக்தான். ஜோன்ஸுக்குப் பின் வந்த லாங்டன் சீவ்ஸ் கடன்களைக் கறாராக வசூலித்து வங்கியைக் காப்பாற்றினார். அது 1819 நெருக்கடி நேரம். மேற்கே பல பேருடைய நிலமும் வீடும் போனது, வங்கிமேல் மக்களுக்கு ஆறாத கோபம் வந்தது. பிற்பாடு ஜாக்சன் அறுவடை செய்தது இந்தக் கோபத்தைத்தான்.

1819ல் மன்றோ தன் பழைய செயலாளரை அரசின் சார்பில் வங்கி இயக்குநராக நியமித்தார். 1823 தொடக்கத்தில் பிடில் தலைவரானார், வயது முப்பத்தேழு.

அவர் செய்த வேலையைப் புரிந்துகொள்ள, அன்றைய அமெரிக்காவில் பணம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். அரசு நோட்டு அடிக்கவில்லை. நூற்றுக்கணக்கான மாநில வங்கிகள் ஆளாளுக்கு நோட்டு அடித்தன. ஓஹையோவில் அடித்த பத்து டாலர் நோட்டைப் பிலடெல்பியாக் கடைக்காரர் எட்டரைக்கோ ஒன்பதுக்கோ வாங்குவார், தெரியாத வங்கி என்றால் வாங்கவே மாட்டார். பிடிலின் வங்கிக்குத்தான் மத்திய அரசின் வரிப்பணம் எல்லாம் வரும். அந்த வரி பெரும்பாலும் மாநில வங்கி நோட்டுகளாக வரும். பிடில் அவற்றைத் தேக்கி வைக்காமல், அடித்த வங்கிக்கே திருப்பி அனுப்பி, தங்கம் வெள்ளி கொடு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கையிருப்புக்கு மேல் நோட்டு அடித்த வங்கி தானாகவே அடங்கியது. சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

இன்னொன்று, நோட்டுக் கையெழுத்து விவகாரம். சாசனப்படி இந்த வங்கியின் ஒவ்வொரு நோட்டிலும் தலைவரும் கேஷியரும் தங்கள் கையாலேயே கையெழுத்துப் போட வேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட கிளைகள், கண்டம் பாதி நீளத்துக்கு வணிகம். இரண்டு மனிதர்கள் நாளெல்லாம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாலும் போதுமா? வேறு யாராவது போட அனுமதி கொடுங்கள் என்று கேட்டதற்கு நாடாளுமன்றம் இசையவில்லை. 1827ல் பிடில் ஒரு வழி கண்டுபிடித்தார். கிளை மேலாளர் தலைமையகத்தின்மேல் ஐந்து, பத்து, இருபது டாலருக்கு காசோலை எழுதுவதுபோல ஒரு தாளை அச்சடித்தார். பார்க்க நோட்டு மாதிரியே இருக்கும், கையெழுத்துப் போடுவது கிளை அதிகாரி. சட்டப்படி அது நோட்டு இல்லை, கைமாறுவதில் நோட்டேதான். நாடெங்கும் ஒரே மதிப்பில் செல்லும் பணம் இப்படி வந்து சேர்ந்தது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நாடாளுமன்றம் கொடுக்காததைக் குறுக்கு வழியில் எடுத்துக்கொண்டது என்று எதிரிகள் சொன்னதையும் நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

அன்னியச் செலாவணியிலும் அவர் கை ஓங்கியிருந்தது. நியூ ஆர்லியன்ஸில் பருத்தி கப்பலேறும். லிவர்பூலில் பணம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். நியூ ஆர்லியன்ஸ் கிளை அந்தப் பருத்தி வணிகரின் மாற்றுச்சீட்டை, அதாவது பிற்பாடு இங்கிலாந்தில் பணமாகும் சீட்டை, வாங்கிக்கொண்டு உடனே பணம் கொடுக்கும். சீட்டு லண்டனில் பேரிங் என்ற வங்கி நிறுவனத்திடம் போய் வங்கிக் கணக்கில் சேரும். இந்தப் பக்கம் பிலடெல்பியாவில் இங்கிலாந்திலிருந்து துணி இறக்குமதி செய்பவர் லண்டனில் பணம் கட்ட வேண்டும், அவருக்கு வங்கி அந்தக் கணக்கின்மேல் சீட்டு விற்கும். தங்கத்தைக் கப்பலில் ஏற்றி இறக்கும் செலவும் ஆபத்தும் குறைந்தன. 1825 கடைசியில் லண்டனில் வங்கிகள் வரிசையாகச் சரிந்தபோது அமெரிக்காவில் அதேபோல நடக்காததற்குப் பிடிலின் நிதானமும் ஒரு காரணம்.

இவ்வளவும் நடந்த கட்டடம் செஸ்ட்நட் தெருவில் வில்லியம் ஸ்டிரிக்லண்ட் கட்டிய பளிங்குக் கோயில், பார்த்தெனானின் சாயல். பிடிலுக்குக் கிரேக்கப் பைத்தியம் என்றேனே, பிற்பாடு ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஸ்டீபன் ஜிரார்ட் எழுதிவைத்த பணத்தில் கல்லூரி கட்டும் குழுவுக்குத் தலைவராக இருந்து அதையும் கிரேக்கக் கோயிலாக மாற்றினார். டெலவேர் ஆற்றங்கரையில் இருந்த ஆண்டலூசியா வீட்டுக்கும் கிரேக்கத் தூண்கள் வைத்தார். அந்த எஸ்டேட் மனைவி ஜேன் கிரெய்க் வழி வந்தது.

1828 ஜனாதிபதித் தேர்தலில் ஜாக்சன் ஜெயித்தார். இளவயதில் பிறர் கொடுத்த கடன் பத்திரங்களை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்ட மனிதர், காகிதப் பணம் என்றாலே ஆகாது. 1829ல் பிடில் நேரில் போய்ச் சந்தித்தபோது, உங்கள் வங்கியை மட்டுமல்ல, எந்த வங்கியைக் கண்டாலும் எனக்குப் பிடிக்காது; இங்கிலாந்தில் பங்கு விலையை ஊதிப் பெருக்கிய தென்கடல் கம்பெனி மோசடியின் கதையைப் படித்த நாளிலிருந்து வங்கி என்றாலே பயம் என்று ஜாக்சன் வெளிப்படையாகச் சொன்னதைப் பிடிலே குறித்து வைத்திருக்கிறார். அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில், வங்கி அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்ற கேள்வியை ஜாக்சன் எழுப்பினார்.

1830ல் செனட் குழு ஒன்று பிடிலிடம் கேட்டது: உங்கள் வங்கி எப்போதாவது மாநில வங்கிகளை ஒடுக்கியதுண்டா? பிடில் சொன்ன பதில், ஒருபோதும் இல்லை; எங்கள் வங்கி நினைத்திருந்தால் அழிக்க முடியாத மாநில வங்கிகள் மிகச் சில, ஆனாலும் எதற்கும் தீங்கு செய்ததில்லை என்பது. உண்மையைத்தான் சொன்னார். வங்கியின் கண்ணியத்துக்கு நற்சான்று கொடுப்பதாகவே நினைத்தார். கேட்டவர்கள் காதில் விழுந்தது என்ன? நாட்டின் அத்தனை வங்கிகளின் உயிரும் யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒருவரின் நல்ல மனதில் தொங்குகிறது என்பது. பிடிலின் கதை முழுக்க இந்த ஒரு பதிலில் இருக்கிறது.

சாசனம் 1836 வரை இருந்தது. 1832 தேர்தலுக்கு முன்பே புதுப்பிக்கக் கேளுங்கள், தேர்தல் பயத்தில் ஜாக்சன் மறுக்க மாட்டார் என்று செனட்டர்கள் ஹென்றி கிளேயும் டேனியல் வெப்ஸ்டரும் தூண்டினார்கள். கிளே ஜனாதிபதி வேட்பாளர், அவருக்கு ஒரு தேர்தல் பிரச்சினை வேண்டியிருந்தது. ஜாக்சனோடு நட்பாகப் பேசித் தீர்க்கலாம் என்று பல மாதம் முயன்ற பிடில், கடைசியில் இவர்கள் பேச்சைக் கேட்டார். அவர் செய்த பெரிய தப்பு இது என்பது என் எண்ணம். செனட்டில் 28க்கு 20, பிரதிநிதிகள் சபையில் 107க்கு 85 என்று மசோதா நிறைவேறியது. நோயில் படுத்திருந்த ஜாக்சன் தன் அரசியல் கூட்டாளி மார்ட்டின் வான் பியூரனிடம், "வங்கி என்னைக் கொல்லப் பார்க்கிறது, நான் அதைக் கொல்வேன்" என்றார். ஜூலை 10 அன்று வீட்டோ, அதாவது ஜனாதிபதியின் அதிகாரத்தால் மசோதாவை நிராகரித்தார்.

அந்த வீட்டோ செய்தி பொருளாதாரமாகப் பார்த்தால் ஓட்டை. பங்குதாரர்களில் அன்னியர்கள் இருப்பதைப் பெரிய ஆபத்தாகக் காட்டியது. அவர்களுக்கு ஓட்டுரிமையே கிடையாது. ஆனால் பணக்காரர்கள் அரசின் சட்டங்களைத் தங்களுக்குச் சாதகமாக வளைத்துக்கொள்கிறார்கள் என்ற வரி உழவர், தொழிலாளி ஒவ்வொருவர் நெஞ்சிலும் போய் உட்கார்ந்தது. பிடில் அதைப் படித்துவிட்டு, கூண்டுக் கம்பியைக் கடிக்கும் சிறுத்தையின் வெறி என்று கிளேக்கு எழுதினார். மக்கள் படித்தால் ஜாக்சனை வெறுப்பார்கள் என்று நம்பி, வங்கிச் செலவிலேயே 30,000 பிரதிகள் அச்சடித்து விநியோகித்தார்! எதிரிக்குத் தன் காசில் பிரச்சாரம். தேர்தலில் ஜாக்சனுக்கு 219 தேர்வாளர் வாக்குகள், கிளேக்கு 49.

வங்கி சுத்தமாக இருந்ததா என்றால், இல்லை. வங்கியைத் திட்டிக்கொண்டிருந்த நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் ஜேம்ஸ் வாட்சன் வெப் ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் கடன் வாங்கிய பிறகு ஆதரவாளர் ஆனார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் கடன்காரர்கள். வெப்ஸ்டர் செனட்டில் வங்கிக்காக முழங்கிக்கொண்டே அதனிடம் வக்கீல் கட்டணமும் வாங்கியவர். 1833 டிசம்பரில் அவர் பிடிலுக்கு எழுதிய கடிதம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது: என் கட்டணம் வழக்கம்போலப் புதுப்பிக்கப்படவில்லை என்று நினைக்கிறேன், உறவு தொடர வேண்டுமென்றால் வழக்கமான தொகையை அனுப்பி வைப்பது நல்லது என்று. வங்கிச் சண்டையின் நடுவில், செனட்டர் கைப்பட! அந்தக் காலத்தில் இது சட்டவிரோதம் அல்ல. பார்க்க நன்றாகவும் இல்லை.

வெற்றி பெற்ற ஜாக்சன் 1836 வரை காத்திருக்கவில்லை. அரசின் டெபாசிட்டை வங்கியிலிருந்து நிறுத்தச் சொன்னார். நிதியமைச்சர் வில்லியம் டுவேன் மறுத்தார், செப்டம்பரில் பதவி போனது. அடுத்து வந்த ரோஜர் டானி உத்தரவு போட்டார். 1833 அக்டோபர் முதல் வரிப்பணம் தேர்ந்தெடுத்த மாநில வங்கிகளுக்குப் போனது.

டெபாசிட் குறைந்தால் கடனைச் சுருக்கத்தான் வேண்டும். ஓரளவு சுருக்கியதில் பிடிலைக் குறை சொல்ல முடியாது. அவர் தேவைக்கு மேல் சுருக்கினார், தெரிந்தே சுருக்கினார். நாடெங்கும் துன்பம் கண்ணுக்குத் தெரிந்தால் தவிர நாடாளுமன்றம் அசையாது என்று 1834 ஜனவரியில் பாஸ்டன் கிளைத் தலைவருக்கு எழுதினார். செவ்விந்தியர்களின் தலைத்தோலை உரித்ததாலும் நீதிபதிகளைச் சிறையில் போட்டதாலும் வங்கியிடமும் தன் இஷ்டம் நடக்கும் என்று நினைக்கிறார் இந்த ஜனாதிபதி, அது நடக்காது என்று இன்னொரு கடிதம். கம்பெனிகள் திவாலாயின, ஆட்களுக்கு வேலை போனது. வெள்ளை மாளிகைக்கு முறையிட வந்த வணிகர்களிடம் ஜாக்சன், என்னிடம் ஏன் வருகிறீர்கள், நிக்கலஸ் பிடிலிடம் போங்கள் என்று திருப்பி அனுப்பினார். பணம் அவரிடம் இருக்கிறது என்பது தொனி.

அதுவரை ஜாக்சன் சொன்னது வெறும் பயமுறுத்தல் என்று வாதாட இடம் இருந்தது. யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத ஒருவர் நினைத்தால் நாட்டின் தொண்டையை நெரிக்கலாம் என்றார் அவர். பிடில் நெரித்துக் காட்டினார். வங்கிக்கு ஆதரவாக இருந்த பென்சில்வேனியா ஆளுநர் ஜார்ஜ் வுல்ஃபே விலகிப் போனார். பாஸ்டன், நியூயார்க் வணிகர்கள், அதாவது சொந்த ஆட்களே, நெருக்கிய பிறகு பிடியைத் தளர்த்தினார். செனட் 1834 மார்ச்சில் ஜாக்சன்மேல் கண்டனத் தீர்மானம் போட்டது ஒரு ஆறுதல். 1837ல் அதையும் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள்.

சாசனம் முடிவதற்குச் சில வாரம் முன்பு, 1836 பிப்ரவரியில், பிடில் தான் அரசியல் பழகிய இடத்துக்கே திரும்பினார். பென்சில்வேனியா சட்டமன்றம் அதே 3.5 கோடி டாலர் மூலதனத்தோடு மாநிலச் சாசனம் கொடுத்தது, ஆளுநர் ஜோசப் ரிட்னர் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டத்தின் தலைப்பைப் படித்தால் சிரிப்பு வரும்: மாநிலச் சொத்து வரியை ரத்து செய்யவும், ரயில்பாதைகள், கால்வாய்களை நீட்டிக்கவும், ஒரு வங்கிக்குச் சாசனம் வழங்கவும் ஆன சட்டம். வங்கி கடைசியில்தான் வருகிறது. சாசனத்துக்கு விலையாக வங்கி கஜானாவுக்கும் பள்ளிகளுக்கும் பெருந்தொகை கொடுக்க ஒப்புக்கொண்டது. உறுப்பினர்களுக்கு அவரவர் பகுதிக்கு ஒரு கால்வாயோ பாதையோ கிடைத்தது. காரியத்தை நடத்திக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ், பிற்காலத்தில் அடிமை ஒழிப்பில் பேர் பெற்ற அதே ஸ்டீவன்ஸ். இருபத்தைந்து வயதில் கொள்கை பேசிய சட்டமன்றத்தில் ஐம்பது வயதில் பேரம் பேசினார் பிடில். மாநில அரசியல் எப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரியாததா என்ன.

ஆனால் கையில் கிடைத்தது பழைய வங்கி அல்ல. வரிப்பணம் இல்லை, நாடு தழுவிய கடமையும் இல்லை, அவ்வளவு பெரிய மூலதனம் மட்டும் வேலையில்லாமல் கிடந்தது. 1837 மே மாதம் நியூயார்க் வங்கிகள் தங்கம் வெள்ளி தருவதை நிறுத்தின, நெருக்கடி மூண்டது. பருத்தி விலை சரிந்தது. லண்டனுக்கு அமெரிக்கா கட்ட வேண்டிய கடனுக்குப் பருத்திதான் பணம், அதன் விலை விழுந்தால் எல்லாம் விழும் என்று கணக்குப் போட்ட பிடில், வங்கிப் பணத்தை வைத்துப் பருத்தியை வாங்கிக் குவித்து லிவர்பூலுக்கு அனுப்பினார். அங்கே விற்றுக்கொடுத்த நிறுவனத்தில் அவர் மகனும் பங்காளி. முதலில் லாபம் வந்தது. நாட்டைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளவும் முடிந்தது.

1839 மார்ச்சில், வங்கி செழிப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பதவி விலகினார். அந்த ஆண்டே பருத்தி விலை மறுபடி விழுந்தது, லண்டனில் கடன் கிடைப்பது நின்றது. அக்டோபரில் வங்கி தங்கம் வெள்ளி தருவதை நிறுத்தியது. 1841 பிப்ரவரியில் ஒரேயடியாக மூடியது. நோட்டு வைத்திருந்தவர்களுக்கும் டெபாசிட் போட்டவர்களுக்கும் பணம் திரும்பியது. பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

பங்குதாரர்கள் கணக்கைக் குடைந்தார்கள். அதிகாரிகளுக்குக் கொடுத்த கடன்களும், எதற்கென்று எழுதாத செலவுகளும் வெளியே வந்தன. பங்குதாரர்களை ஏமாற்றச் சதி செய்ததாகப் பிடில் மீதும் உடன் இருந்தவர்கள் மீதும் வழக்கு. 1842ல் அது நிற்காமல் தள்ளுபடியானது. சிவில் வழக்குகள் தொடர்ந்தன. 1840 கடைசியில் அவரைச் சந்தித்த முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ், முகத்தில் சிரிப்பும் உள்ளே அடக்கிய முனகலுமாக, சிதைந்துபோன கனவுகளை நினைத்துக் குமைகிறார் என்று நாட்குறிப்பில் எழுதினார். நல்ல மனம், நேர்மையான நெஞ்சு, செழிப்பு வழிதவற வைத்துவிட்டது என்பது ஆடம்ஸ் தீர்ப்பு. எனக்கும் ஏறக்குறைய அதுதான் தோன்றுகிறது. தன் பைக்காக அவர் இதைச் செய்ததாக நான் படித்தவற்றில் தெரியவில்லை. தன் கணக்கு ஒருபோதும் தப்பாது என்ற நினைப்புதான் ஆளைக் கவிழ்த்தது. 1844 பிப்ரவரி 27 அன்று ஆண்டலூசியாவில் இறந்தார், வயது 58.

கடைசியாக, ஃபெடரல் ரிசர்வ் இதன் வாரிசா என்ற கேள்வி. வேலையைப் பார்த்தால் ஓரளவு ஆமாம்: மற்ற வங்கிகளைக் கட்டுக்குள் வைப்பது, நெருக்கடியில் நிதானமாகப் பணத்தை விடுவது, அரசின் கணக்கைப் பார்ப்பது எல்லாம் பிடில் செய்ததுதான். அமைப்பைப் பார்த்தால் அவருடைய காலத்துச் சண்டையிலிருந்து பாடம் கற்ற ஏற்பாடு. பிடிலின் வங்கியில் 25 இயக்குநர்களில் அரசு நியமித்தது ஐந்து பேரை மட்டும், மற்ற இருபது பேரைப் பங்குதாரர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அரசின் ஐந்து பேரையும் முக்கியமான குழுக்களிலிருந்து பிடில் ஒதுக்கியே வைத்தார். 1913ல் ஃபெடரல் ரிசர்வ் வந்தபோது ஒரே ஊரில் ஒரே வங்கியாக வைக்காமல் பன்னிரண்டு வட்டார வங்கிகளாகப் பிரித்தார்கள், மேலே வாஷிங்டனில் ஒரு வாரியம். அந்த வாரியத்தின் நியமன உறுப்பினர்களை ஜனாதிபதிதான் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தர வேண்டும். தனியார் பங்குதாரர்கள் தேர்ந்தெடுக்கும் ஆள் உச்சியில் உட்கார அதில் வழியில்லை.